ஜனாஸாவுக்கு அருகில், உயிரோடிருப்போருக்குத் தொலைவில்



புத்தளத்தில் வாழும் மன்னார்க் குடும்பங்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. தீவில் ஒருவர் மரணித்த செய்தி இரவு பத்து மணிக்கு வந்தாலும், ஸுப்ஹுக்கு முன்னரே வாகனங்கள் புறப்பட்டுவிடும். விடுமுறை எடுப்பதும் வாகன வாடகை கொடுப்பதும் அன்று எவருக்கும் பாரமாகத் தோன்றுவதில்லை. அதே மனிதர் உயிரோடிருந்த இறுதி மூன்று ஆண்டுகளில் அவரைப் பார்க்கச் சென்றவர்களை எண்ணினால், ஒரு கை விரல்களே மிஞ்சும். நான்கு மணி நேரப் பயணம் ஜனாஸாவுக்கு அருகிலும், உயிரோடிருப்பவருக்குத் தொலைவிலும் ஆகிவிட்டது எவ்வாறு?

இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அன்று சிறுவர்களாக இருந்த நாம் புத்தளத்தின் அகதி முகாம்களில் வளர்ந்தோம். அங்கேயே படித்தோம், மணமுடித்தோம், வீடு கட்டினோம். 2009இல் யுத்தம் முடிந்தபின் முதலில் ஊர் திரும்ப விரும்பியவர்களுள் முதியோர் பலர் இருந்தனர். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தொழிலும் இளையோரைப் புத்தளத்திலேயே நிறுத்திவிட்டன. இவ்வாறு ஒரே குடும்பம் இரண்டு ஊர்களாகப் பிரிந்தது. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், பிரிவு நம் விருப்பத்தால் நேராதது என்பதனால் அதன் பின்னான கடமை நம்மைவிட்டு நீங்கிவிடாது.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மனைவி மக்களுடன் எருக்கலம்பிட்டிக்குச் சென்றிருந்தேன். வாப்பாவின் மூத்த சகோதரியான மாமி அங்கு வாழ்கின்றார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. கண் பார்வை மங்கிவிட்டது. அனுராதபுரம், மதவாச்சி, முருங்கன் வழியாகச் சென்று, தள்ளாடியைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும், இரு புறமும் வற்றிய கடலும் எதிரே பழைய கோட்டையும் தெரிந்தன. தமது வாப்பா பிறந்த ஊர் ஒரு தீவு என்பதை என் இளைய மகள் அன்றுதான் கண்ணால் கண்டாள்.

மாமியின் வீட்டில் குறை எதுவும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, மருந்து இருக்கிறது, கட்டாரிலிருக்கும் மகன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார், இரவில் துணைக்கு உறவுக்காரப் பெண் ஒருவர் வந்து படுக்கிறார். எனினும், இடியப்பமும் மீன் சொதியும் உண்டு முடித்ததும் மாமி என்னிடம் கேட்டது இவற்றுள் எதிலும் அடங்காத ஒன்று. “மகன், நான் ஓதுறத கொஞ்சம் கேளுங்க. எங்கேயோ விடுபடுது போல இருக்கு. பாத்து ஓத கண்ணும் இல்ல, கேக்க ஆளும் இல்ல” என்றார்.

சிறுமியாக இருந்தபோது ஊர் லெப்பையிடம் கற்ற ஸூரத்துல் முல்க்கை அவர் ஒவ்வோர் இரவும் மனனமாக ஓதி வருகிறார். 30 வசனங்கள் கொண்ட அத்தியாயம் அது. அதன் 16ஆம், 17ஆம் வசனங்கள் ஏறக்குறைய ஒரே சொற்களால் தொடங்குபவை. மனனமிடும் மாணவர் பலரும் தடுமாறும் இடம். மாமி 16ஐ ஓதிவிட்டு நேரே 18க்குச் சென்றார். நான் விடுபட்டதைச் சொன்னேன். ஐந்து முறை என்னோடு சேர்ந்து ஓதி, ஆறாம் முறை தனியே ஓதி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். தொலைபேசியில் அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. எனவே இத்தேவையைத் தூரத்தில் இருந்தவாறு எவரும் நிறைவேற்றியிருக்க முடியாது, பணத்தாலும் இயலாது. அருகில் ஒருவர் அமர்ந்தாலன்றி அது தேவை என்பதுகூட வெளியே தெரிந்திராது.

ளுஹருக்குப் பின் மாமியின் தோழியர் இருவர் வந்தனர். ஒருவர் அவருடன் ஓதப் பள்ளிக்குச் சென்றவர். மற்றவர் அயலூரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண்மணி. 1990இல் மாமி விட்டுச் சென்ற இடியப்ப உரலைத் தம் வீட்டில் பாதுகாத்து, அவர் திரும்பி வந்த வாரமே கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அன்று காலை எங்களுக்கு இடியப்பம் பிழிந்தது அந்த உரலில்தான். மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய காணியின் எல்லை பற்றிய பேச்சு எழுந்தது. தெற்கு மூலையில் நின்ற பூவரசு எது, கிணற்றில் பங்கு எவருக்கெல்லாம் இருந்தது, என் பாட்டனார் அடக்கப்பட்ட இடம் மையவாடியில் எது என்பதையெல்லாம் மூவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு சொன்னார்கள். என் மூத்த மகன் அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். வெளியேற்றத்தின்போது காணி உறுதிகளை இழந்த குடும்பங்களுக்கு இந்த நினைவுகளின் பெறுமதி தெரியும். எல்லை தெரியாத காணியில் வாரிசுரிமைப் பங்கீடு செய்ய முற்படும்போது, சகோதரர்களிடையே பகை மூள்வதை நாம் கண்டு வருகிறோம்.

இனி மார்க்கம் கூறுவதை நோக்குவோம். ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள கடமைகளை நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியபோது, ஜனாஸாவைப் பின்தொடர்வதோடு நோயாளியை நலம் விசாரிப்பதையும் சேர்த்தே கூறினார்கள். நாம் ஒன்றை இறுகப் பற்றி, மற்றொன்றைத் தளர விட்டிருக்கிறோம். ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் மீதான கடமை நீங்கும். இரத்த உறவைச் சேர்ந்து நடப்பதோ ஒவ்வொருவர் மீதும் உள்ள கடமை. தம்பி சென்று வந்தான் என்பதால் அண்ணனின் கணக்கு தீர்ந்துவிடாது.

தொலைபேசியில் ஸலாம் சொல்வது உறவைப் பேணுவதாகாதா என்று கேட்கலாம். ஆகும். உறவைப் பேணுவதில் படித்தரங்கள் உண்டு, ஸலாம் கூறுவதும் அதில் ஒன்று என இமாம் காழி இயாழ் (ரஹ்) விளக்கியுள்ளார்கள். எனினும், தன்னால் இயன்றதும் தனக்குத் தகுந்ததுமான அளவில் குறை வைப்பவர் உறவைப் பேணியவராகக் கருதப்படமாட்டார் என்பதையும் அவர்களே சேர்த்துக் கூறியுள்ளார்கள். கட்டாரில் இருப்பவருக்குத் தொலைபேசி போதுமானதாகலாம். நான்கு மணி நேரத் தொலைவில் வாகனம் வைத்திருப்பவருக்கும் அதே அளவுகோல் பொருந்துமா என்பதை அவரவர் சிந்திக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களை வளர்த்த உம்மு ஐமன் (ரழி) அவர்களின் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நபியவர்களின் மறைவுக்குப் பின், அவர்கள் சந்தித்து வந்ததைப் போன்றே நாமும் சென்று சந்திப்போம் என்று அபூபக்ர் (ரழி) அவர்கள் உமர் (ரழி) அவர்களை அழைத்துச் சென்றார்கள். அம்மூதாட்டி அழுதார்கள். நபியவர்களுக்கு அல்லாஹ்விடம் இருப்பது மேலானது என்று இருவரும் ஆறுதல் கூற, அதைத் தாம் அறிந்தே இருப்பதாகவும், வானிலிருந்து வஹீ வருவது நின்றுவிட்டதை எண்ணியே அழுவதாகவும் அவர்கள் கூறினார்கள். அது கேட்டு இருவரும் உடன் அழுதார்கள். ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தவர், ஆளிடம் அன்பளிப்பை அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். நேரில் சென்றதனால்தான் அம்மூதாட்டியின் துயரம் என்னவென்று அறிய முடிந்தது.

அயலவர் விடயமும் இதனோடு இணைந்ததே. ஸூரத்துந் நிஸாவின் 36ஆம் வசனம் பெற்றோர், உறவினருடன் நெருங்கிய அயலவரையும் அந்நிய அயலவரையும் குறிப்பிடுகின்றது. அந்நிய அயலவர் என்பதில் முஸ்லிமல்லாதோரும் அடங்குவர் என்பது விரிவுரையாளர்கள் சிலரின் கருத்து. வெளியேற்றத்தின் வேதனையை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கிறோம், உரைக்கத்தான் வேண்டும். அத்துடன் இடியப்ப உரலைக் காத்துவைத்த அயலவரையும் அவர்கள் நேரில் காண வேண்டும். நீதி தவறாமல் சாட்சி சொல்வதென்பது இரண்டையும் சொல்வதாகும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை பெரியன அல்ல. ஒரு குடும்பத்தில் ஆறு பிள்ளைகள் இருந்தால், இரு மாதத்துக்கு ஒருவர் என்று முறை வகுத்தாலே ஆண்டு முழுதும் நிறைந்துவிடும். கொழும்பில் இருப்போருக்கு 2015இல் மீண்டும் தொடங்கிய தலைமன்னார் ரயில் இருக்கிறது. செல்பவர் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லட்டும். வாசலில் நின்று திரும்பாமல் அஸர் வரையாவது அமரட்டும். வம்சத்தின் பெயர்கள், காணியின் எல்லைகள், கொடுக்கல் வாங்கல், வஸிய்யத் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வாகன வசதியற்றோருக்காக, ஜனாஸாவுக்கு வாகனம் ஒழுங்கு செய்யும் அதே பள்ளிவாசல் நிர்வாகங்கள் மூன்று மாதங்களுக்கொரு முறை ஒரு பேருந்தை ஒழுங்கு செய்யலாம்.

தீவில் வாழும் நம் முதியோருள் பலருக்கு நம் பணம் தேவைப்படலாம், சிலருக்குத் தேவைப்படாமலும் போகலாம். தாம் ஓதுவதைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பது அவர்களுள் எவரும் தொலைபேசியில் சொல்லக்கூடிய செய்தியன்று. அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே அவர்களின் வாசலை அடையும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.