வலி மாத்திரையும் நம் கிராமங்களும்

உத்திரமேரூரின் வைரமேகத் தடாகத்து நீர் பாயும் வயல்களில் நாற்று நடும் பெண்டிர், பகலெல்லாம் குனிந்து நின்ற இடுப்போடும் வீங்கிய முழங்காலோடும் மாலையில் வீடு திரும்புகின்றனர். வழியில் மருந்துக் கடையில் உடம்பு வலிக்கென்று இரண்டு மாத்திரை கேட்கின்றனர். கடைக்காரரும் யாதொன்றும் வினவாது எடுத்துக் கொடுக்கின்றார். இவ்வழக்கம் தகாது என்பதே என் கருத்து. ஆயினும் அம்மாத்திரை உடம்பினுள் யாது செய்கின்றது என்பதை அறியாது கண்டித்தல் வெறுங் கூச்சலாகும்.

தசையேனும் மூட்டேனும் ஊறுபட்டால் அவ்விடத்துக்கு இரத்தம் மிகுந்து பாய்கின்றது. நுண்ணிய குழாய்களினின்று நீர் கசிகின்றது. சிவத்தல், வீங்கல், வெம்மை, வலி என்னும் நான்கினையும் அழற்சியின் குறிகளாக உரோமாபுரி ஆசிரியர் செல்சஸ் பண்டே எழுதி வைத்தார். ஊறுபட்ட உயிரணுக்களின் சவ்விலுள்ள ஒரு கொழுப்பமிலத்தை ஒருவகை நொதி மாற்றிப் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களை ஆக்குகின்றது. இவை நரம்பு நுனிகளின் உணர்ச்சியை மிகுவித்தலால், மெல்லத் தொட்டாலும் நோகின்றது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் முதலியன அந்நொதியைத் தடுப்பனவாம். 1897-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் தூய ஆஸ்பிரின் ஆக்கப்பட்டதாயினும், அது தொழிற்படும் வகையை ஜான் வேன் என்னும் ஆங்கிலேயர் 1971-இல்தான் விளக்கினார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் காரணம் அறியாமலே அதனை விழுங்கி வந்தது!

இடர் எங்கே உள்ளதெனின், அந்நொதி வலியுள்ள மூட்டில் மட்டும் இருப்பதன்று. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரியாதபடி காப்பனவும், உடம்பில் நீர் வற்றியபோது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குன்றாமற் காப்பனவும் அப்புரோஸ்டாகிளாண்டின்களே. வெறும் வயிற்றோடு வெயிலில் வியர்வை சொரிய உழைத்த ஒருத்தி நாள்தோறும் இம்மாத்திரையை உண்டால், குடற்புண்ணும் சிறுநீரகக் கேடும் நேர இடமுண்டு. மேல்வலியோடு வந்த காய்ச்சல் டெங்குவாயிருப்பின், இவ்வகை மருந்து இரத்தக் கசிவை மிகுவிக்கும். அங்கே பாரசிட்டமாலே ஏற்றது. அதுவும் அளவு கடந்தால் ஈரலைக் கெடுக்கும். டைக்ளோஃபினாக் மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென்று சட்டமும் உளது. சட்டம் ஏட்டில் உளது.

"மருத்துவரிடம் சென்றால் ஒரு நாட்கூலி போய்விடுமே" என்பர். உண்மையே. வலியைப் பொறுத்துக்கொள் என்று அவர்களுக்குரைக்க நமக்கு உரிமையில்லை. இவ்வூருக்கு அணித்தேயுள்ள திருமுக்கூடற் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை இருந்தமையைக் கூறுகின்றது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்வார், பணிப்பெண்டிர், ஓராண்டுக்கு வேண்டிய மருந்துகள் யாவும் அங்கிருந்தன. அன்று ஒரு கோயிலைச் சார்ந்தோர்க்குக் கிட்டியது இன்று ஊரார்க்கெல்லாம் கிட்டுதல் அரிதோ? கூலி வேலை முடியும் மாலைப்பொழுதில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் இருந்து பார்த்தல் வேண்டும். கடைக்காரரோ, உணவு உண்டதுண்டா, காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக உண்கின்றீர் என்னும் மூன்றையேனும் கேட்டல் வேண்டும்.

கடைக்காரரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. கிராம முகாம்களில் மாணவராகிய நாமும் வலி மாத்திரைகளை வாரி வழங்குகின்றோம். சென்ற முகாமில் யானும் வழங்கினேன். பெற்றுக்கொண்ட மூதாட்டியார், "ஏன் தம்பி, இதைச் சோறு தின்ன பிறகு போடணுமா?" என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை.