பக்கத்தின் மறுபுறத்தைப் பார்ப்பது குற்றமா?

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு, எமது தொழிலுக்குப் புதிதாக வந்த இளம் பெண் நிருபர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பொதுமக்களுக்கு உதவி வழங்கும் நிறுவனம் ஒன்று (பெயர் இங்கு வேண்டாம்) பயனாளிகளின் பட்டியலைத் தனது இணையத்தளத்தில் இட்டிருந்தது. தமது ஊரவரின் பெயர்களை மட்டும் பிரதி செய்து செய்தியில் சேர்க்க அவர் விரும்பினார். சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தியதும், "பிரதி செய்தல் தடை" என்று ஒரு பெட்டி பாய்ந்து வந்து நின்றதாம்.

"சேர், பக்கத்தையே பூட்டிப் போட்டாங்கள்" என்றார்.

பூட்டவில்லை, கதவில் ஒரு கடதாசியை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். கன்ட்ரோல் விசையுடன் யூ எழுத்தை அழுத்தும்படி கூறினேன். அதுவும் பணியாவிட்டால் முகவரிக்கு முன்னால் வியூ சோர்ஸ் என்ற சொல்லைச் சிறு கோடிட்டு எழுதி, முக்காற்புள்ளியும் இட்டுப் பார்க்கலாம். ஆப்பிள் கணினியின் சஃபாரியில் முதலில் அமைப்புகளுக்குள் சென்று உருவாக்குநர் பட்டியலைத் திறந்துவிட வேண்டும். இவை எவையும் மந்திரமல்ல. உலாவியைச் செய்தவர்களே வைத்த வசதிகள்.

இந்த வித்தையை நான் கற்றது பாமினியின் புண்ணியத்தில். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தமிழ்ச் செய்தித் தளங்களைத் திறந்தால் பாதி நாட்கள் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே திரையில் கொட்டிக் கிடக்கும். எந்த எழுத்துருவில் அமைத்திருக்கிறார்கள் என்பதை அறிய மூலநிரலைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதுவும் எளிதில் திறக்காது. அந்நாளில் நாங்கள் பாவித்த உலாவி, தற்காலிகக் கோப்புகள் நிரம்பிவிட்டால், மூலநிரலைக் காட்டு என்று கேட்டாலும் வாய் திறவாது இருக்கும். பிழைச் செய்திகூட வராது! அக்கோப்புகளை அழித்துவிட்டுக் கேட்டால் உடனே காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஆசிரியபீடத்தில் எமக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. கலைப் பட்டதாரிக்கு அதுவே பெரிய வெற்றி.

கதைக்கு வருகிறேன். மூலநிரலைத் திறந்த அந்தப் பெண் பெயர்களை மட்டும் காணவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. திரையில் தெரியாதவாறு அந்த நிரல்களை மறைத்துவிட்டு, தரவுகளை முழுமையாக வாசகர் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். செய்தி எழுத முன்னர் அந்நிறுவனத்துக்கு அறிவித்தார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? "எங்களுடைய கணினிக்குள் எப்படி நுழைந்தீர்கள்? பொலிசில் முறையிடுவோம்."

இந்த வசனத்தை நான் முன்னரே கேட்டிருக்கிறேன், அமெரிக்காவிலிருந்து.

2021 ஒக்டோபரில் சென். லூயிஸ் போஸ்ட் டிஸ்பாட்ச் பத்திரிகையின் ஜோஷ் ரெனோ, மிசூரி மாநிலக் கல்வித் திணைக்களத்தின் தளத்தில் ஆசிரியர்களின் தகைமைகளைப் பார்வையிடும் பக்கமொன்றின் மூலநிரலில் அவர்களது சமூகப் பாதுகாப்பு இலக்கங்கள் கிடப்பதைக் கண்டார். பத்திரிகை மாநிலத்துக்கு அறிவித்து, ஓட்டை அடைக்கப்படும்வரை செய்தியை நிறுத்தி வைத்தது. ஆளுநர் மைக் பார்சன் நன்றி கூறவில்லை. ஊடகவியலாளரை ஹேக்கர் என்றார், வழக்குத் தொடரப்போவதாக மிரட்டினார். அந்த இலக்கங்கள் குறிமாற்றம் செய்யப்பட்டிருந்தன, நிருபர் அவற்றை உடைத்துப் படித்தார் என்பது வாதம். குறிமாற்றம் வேறு, மறைகுறியாக்கம் வேறு. பின்னதற்குச் சாவி வேண்டும். முன்னதற்கு எந்தச் சாவியும் தேவையில்லை. பாமினியில் எழுதியதை யுனிகோடுக்கு மாற்றி வாசித்தவரைக் களவெடுத்தவர் என்பார்களா?

பின்னர் வெளிவந்த ஆவணங்கள்தான் சுவையானவை. கல்வித் திணைக்களம் முதலில் ஊடகத்துக்கு நன்றி தெரிவிக்கும் அறிக்கையொன்றையே வரைந்து வைத்திருந்தது. இது உண்மையான வலையமைப்பு ஊடுருவல் அல்ல என்று எப்.பி.ஐ.யும் மாநிலத்திடம் கூறியிருந்தது. அவ்வளவும் தெரிந்த பின்னரே ஆளுநர் ஒலிவாங்கியின் முன் நின்றார். 2022 பெப்ரவரியில், வழக்குத் தொடரப் போவதில்லை என அரச வழக்கறிஞர் அறிவித்தார். அந்த நான்கு மாதங்கள் ஒரு பத்திரிகையாளனின் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்பது எமக்குத் தெரியும். எமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

அங்கு பத்திரிகை நிருபரின் பின்னால் நின்றது. இங்கு எமது பெண்ணின் ஆசிரியர், "வில்லங்கம் வேண்டாம்" என்று செய்தியைக் கிடப்பில் போட்டார். எமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகிறது. அதைத்தான் அந்த அதிகாரி நினைவில் வைத்திருந்தார் போலும். அனுமதியற்ற அணுகல் எங்கே நிகழ்ந்தது? உலாவி கேட்டது, வழங்கி கொடுத்தது. வந்து சேர்ந்த கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது தபால் கந்தோரை உடைப்பதாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்றும் ஒன்று நிறைவேற்றப்பட்டிருப்பதை அவருக்கு யாரும் கூறவில்லை.

சில பாடசாலைகளில் மாணவர் மூலநிரலைப் பார்க்க முடியாதவாறு உலாவியிலேயே தடை விதிக்கிறார்கள். வினாத்தாளின் விடைகள் அதனுள் இருக்கின்றனவாம்! விடைத்தாளை வினாத்தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிள்ளை புரட்டிப் பார்த்தது குற்றம் என்கிறார்கள். விடையைப் பக்கத்தில் வைத்த வாத்தியாரை யாரும் கேட்பதில்லை.

வலப் பொத்தானைத் தடுக்கும் எம்மவர் தளங்களும் இதே வகையைச் சேர்ந்தவையே. கவிதையைத் திருடுகிறார்கள் என்பது அவர்களது முறைப்பாடு. நியாயமான கோபம்தான், எனது கட்டுரைகளும் பெயரின்றி எங்கெங்கோ அலைகின்றன. ஆனால் அந்தத் தடை திருடனை நிறுத்தியதை நான் கண்டதில்லை. ஒரு சொல்லைப் பிரதி செய்து அகராதியில் தேட நினைத்த வாசகரைத்தான் அது நிறுத்துகிறது.

அந்த நிறுவனத்தின் பக்கத்தை நேற்றிரவு மீண்டும் திறந்து பார்த்தேன். அடையாள அட்டை இலக்கங்கள் நீக்கப்பட்டுள்ளன. தொலைபேசி இலக்கங்கள் அப்படியே இருக்கின்றன. வலப் பொத்தானை அழுத்தினால், பழைய பெட்டி முன்னரிலும் பெரிய எழுத்தில் வருகிறது.