விலை கூடின ஹார்டு டிஸ்க் வாங்கினா போதுமா?

டேட்டா சென்டர் ஸ்டோரேஜில் வேலை என்று தெரிந்ததும் இங்கே புனேவில் நம்மாட்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பசங்க போட்டோ, வீடியோ எல்லாம் ஏகத்துக்கும் சேர்ந்து போச்சு. உங்க ஆபீஸ்ல போடுவாங்களே, என்டர்பிரைஸ் ஹார்டு டிஸ்க், அதுல ஒண்ணு வாங்கிட்டா சாகாதுல்ல?"

சாகும் சாமி. அதனால் அதை வாங்காதீங்க. அந்தக் காசை ரெண்டு சாதாரண டிஸ்க்குக்குப் பிரித்துப் போடுங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே மொத்தமாக எழுதி விடுகிறேன்.

முதலில் அந்த டிஸ்க்கின் விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணைப் பார்ப்போம். எம்டிபிஎஃப் 25 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும். வகுத்துப் பார்த்தால் 285 வருஷம்! பேரன் பேத்திக்கே பேரன் வரும் வரை ஓடும் என்று நினைக்கத் தோன்றும். அதற்கு அர்த்தம் அதுவல்ல. ஆயிரம் டிஸ்க்குகள் ஒரு வருஷம் ஓடினால் மூன்று நான்கு சாகலாம் என்பதுதான் கணக்கு. அதுவும் தாளில்.

நடைமுறை வேறு. 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் கதையை ஆராய்ந்தார்கள். கம்பெனித் தாள்களின்படி வருஷத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம்தான் போயிருக்க வேண்டும். நிஜத்தில் மாற்ற வேண்டி வந்தது 2 முதல் 4 சதவீதம், சில இடங்களில் 13 வரைக்கும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், விலை கூடின ஸ்கஸி, ஃபைபர் சேனல் டிஸ்க்குகளுக்கும் மலிவான சாட்டா டிஸ்க்குகளுக்கும் இந்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதே வருஷம் கூகிள்காரர்களும் தங்கள் டிஸ்க்குகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப் போனவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஸ்மார்ட் எச்சரிக்கை எதுவும் காட்டாமலேயே போயிருந்தன. "சத்தம் வந்தா மாத்திக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

இப்போது நிலைமை தேவலாம். பேக்பிளேஸ் நிறுவனம் சுமார் மூன்று லட்சம் டிஸ்க்குகளை வைத்து 2024-க்குச் சொன்ன கணக்கு 1.57 சதவீதம். நூறு வீட்டில் ஒன்றிரண்டு வீடு. அது நம் வீடாக இருந்தால் நமக்கு நூறு சதவீதம்தானே?

சரி, அப்போ என்டர்பிரைஸ் டிஸ்க் ஏமாற்று வேலையா? இல்லை. ஒரே பெட்டிக்குள் பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று அடுக்கி வைத்தால் வரும் அதிர்வைத் தாங்கும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். ஐந்து வருஷ வாரண்டி உண்டு. ஆனால் வாரண்டியில் புது டிஸ்க் வரும், பொண்ணோட காதுகுத்து போட்டோ வராது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. சாதாரண டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். என்டர்பிரைஸ் டிஸ்க் சில நொடிகளிலேயே "என்னால முடியல" என்று கையை விரித்து விடும். காரணம், பக்கத்தில் ரெய்டு கூட்டாளிகள் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து அந்தத் தகவலை எடுத்துக் கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதை உங்கள் வீட்டில் தனியாளாக உட்கார வைத்தால் யாரை நம்பிக் கையை விரிக்கும்?

டேட்டா சென்டரின் பலம் டிஸ்க்கில் இல்லை, அவநம்பிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஸ்டோரேஜுக்கு இரண்டு பாதைகள். இரண்டு ஃபைபர் சேனல் சுவிட்சுகள், ஒன்றில் வந்த கோளாறு மற்றதைத் தொடக் கூடாது என்பதற்காக அவற்றை ஒன்றோடொன்று இணைக்கவே மாட்டோம். இரண்டு கன்ட்ரோலர், இரண்டு மின்சார லைன். எல்லாம் ஒருநாள் போகும் என்று எழுதி வைத்துக் கொண்டுதான் கட்டுகிறோம்.

அவ்வளவு செய்தும் போதவில்லை என்பதுதான் வேடிக்கை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறு ஊரில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்க டேட்டா சென்டரில் தீ. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயே போச்சு. வெளியில் நகல் இல்லை. ரெய்டு இருந்தாலும் தீ எல்லா டிஸ்க்கையும் ஒன்றாகத்தான் எரிக்கும். தவறி அழித்தாலும் அப்படியே, எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

நம் வீடுகளில்? ஒரே டிஸ்க், பீரோவில் துணிக்கு அடியில். கெட்டிக்காரர்கள் இரண்டு வைத்திருப்பார்கள், அதே பீரோவில். 2005 மும்பை மழையையும் 2015 சென்னை வெள்ளத்தையும் பார்த்த நாம் இப்படி இருக்கலாமா?

வெளியூரில் பிழைக்கிற நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து இன்னொரு ஊரில் டிஆர் சைட் போடுகின்றன. நமக்கு அது ஏற்கனவே இருக்கிறது. ஊரில் அம்மா அப்பா இருக்கும் வீடு! தூரம் தூரம் என்று புலம்புகிறோமே, இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தூரம்தான் பாதுகாப்பு.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே மாதிரி நகல் எடுத்த இரண்டு டிஸ்க், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. ஒன்று இங்கே, ஒன்று ஊரில். பொங்கலுக்கோ மே மாத லீவுக்கோ போகும்போது இங்கிருப்பதைக் கொண்டு போய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வந்து புதுப்பியுங்கள். போனதும் டிவியில் மாட்டித் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பாருங்கள், டிவி பூட்டைத் திறக்காவிட்டால் லேப்டாப் வழியாக. நாங்கள் இதைத்தான் ரீஸ்டோர் டெஸ்ட் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறோம் :)

"கிளவுட் இருக்கே" என்பீர்கள். இருக்கட்டும், மூன்றாவது நகலாக. ஆனால் போனில் அழித்தால் பல நேரம் அங்கேயும் அழியும். இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகிள் 2023-லேயே விதி கொண்டு வந்துவிட்டது. அப்பா காலமான பிறகு அவர் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்குத் தெரியும்? இன்றைக்கே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஊரிலேயே இருக்கும் குழந்தைக்கு ஆச்சி என்றால் பக்கத்துத் தெருவில் இருக்கும் மனுஷி. நம் பிள்ளைகளுக்கு வருஷத்தில் பத்து நாள் போக மீதியெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த குரலும் வீடியோவும்தான். அந்தக் குரல் போனால், அவர்களுக்கு ஆச்சியில் பெரும்பகுதியே போய்விடும். போட்டோவை மட்டுமல்ல, அந்த வாய்ஸ் நோட்டுகளையும் சேர்த்து நகல் எடுங்கள்.

டிஸ்கி: நான் எந்த டிஸ்க் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. இவ்வளவு சொல்லியும் என்டர்பிரைஸ்தான் வேண்டும் என்பவர்கள் மலிவு விலையைக் கண்டு மயங்க வேண்டாம். டேட்டா சென்டரில் ஓடித் தேய்ந்த டிஸ்க்குகளின் மணிக்கணக்கை அழித்துப் புதுசு என்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி தேதி பார்த்துவிட்டு வாங்குங்கள்.