மேட்டூர் திறப்பும் வண்டி டியூவும்

தஞ்சாவூர்ப் பக்கம் லோடு வண்டி வாங்க நினைப்பவருக்கு ஊரே யோசனை சொல்லும். கடனைப் போட்டு ஷோரூமில் புதுசாக எடு என்பார் மைத்துனர். பாதி விலைக்கு ஒத்தை ஓனர் வண்டி நிற்கிறது என்பார் கன்சல்டிங்காரர். இன்ஜின், மைலேஜ், டயர் பட்டன் என்று பேச்சு நீளும். மேட்டூர் அணை எந்த வருடம் என்றைக்குத் திறந்தது, என்றைக்கு மூடியது என்று மட்டும் யாரும் பேசமாட்டார்கள். டெல்டாவில் புதுசா, பழசா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும், ஜனவரி 28-ல் மூடும். விதைநெல்லும் உரமும் நாற்றுக்கட்டும் ஏற்றுவதில் தொடங்கும் லோடு, செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பில் சூடு பிடித்து, தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடையில் உச்சத்துக்குப் போகும். பிறகு வைக்கோல் உருளைகள். அவை எடை குறைவு, உயரம் அதிகம். ஸ்பிரிங் பட்டைக்கு வேலையில்லை, தெருவில் தாழத் தொங்கும் மின்கம்பிக்குத்தான் பயப்பட வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் கிராமத்து வண்டிகள் பலவும் புளியமர நிழலுக்குப் போய்விடும்.

இதுவும் நல்ல வருடத்துக் கணக்குதான். 2022-ல் அணை மே 24-லேயே திறந்தது. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும் தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025-ல் மறுபடி ஜூன் 12. தண்ணீர் வரும் தேதி இப்படி முன்னும் பின்னும் ஆட, வங்கிக் கணக்கில் டியூ பிடிக்கும் தேதி மட்டும் ஆடாமல் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புது வண்டிக்கு 8 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, நான்கு வருடம் என்று வைத்துக்கொண்டால் மாத டியூ சுமார் 20,700 ரூபாய். பழைய வண்டிக்கு வட்டி கூடுதலாகத்தான் கேட்பார்கள். 3 லட்சம், 16 சதவீதம், மூன்று வருடம் என்றால் மாதம் 10,500 ரூபாய்க்குச் சற்று மேல். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் புதுசுதான் லாபமாகத் தெரியும். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் லோடு இல்லாமல் நிற்கும்போது ஒருவர் 41,000 ரூபாய்க்கு மேல் புரட்ட வேண்டும்; இன்னொருவருக்கு 21,000 போதும். டெல்டாவில் வண்டி சீஸ் ஆவதும் தப்புவதும் அந்த 20,000 ரூபாய் வித்தியாசத்தில்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வண்டிக்கு வருடம் முழுக்க லோடு உண்டா என்பது. திருவையாற்று வாழை இலை, கும்பகோணத்து வெற்றிலை, பூ, காய்கறி, பால், மளிகை என்று தினமும் ஏற்றி இறக்குகிறவருக்குப் புது வண்டி தகும். அதிகாலை லோடு ஒரு நாள் தவறினால் மார்க்கெட்டில் அந்த இடத்தை அடுத்தவர் பிடித்துக்கொள்வார்; ரோட்டில் நின்றுபோகாத வண்டி அவருக்குக் கட்டாயம். நெல்லையும் வைக்கோலையும் மட்டும் நம்புகிறவருக்குப் பழைய வண்டியே பொருத்தம் என்பதில் இந்தப் பத்திக்குச் சந்தேகமில்லை. ஆண்டு முழுக்க லோடு என்பதும் நிரந்தரமல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னை தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. மாதம் தவறாமல் லோடு தந்த தேங்காய் ஒரே இரவில் நின்றது. தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்கவே பல வருடம் ஆகும். கடன் தவணை அதற்குள் முடிந்தே போயிருக்கும்.

வண்டியின் அளவும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. முக்கால் டன் தாங்கும் டாடா ஏஸில் 18 மூட்டைதான் முறையான லோடு. ஒன்றேகால் டன் தாங்கும் அசோக் லேலண்ட் தோஸ்த்தில், சாக்கு எடையும் சேர்த்தால், 30. இதைவிட நிறைய ஏற்றுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஓவர்லோடுக்கு அபராதம் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாயில் தொடங்குகிறது. கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பழைய வண்டி பார்க்கப் போகிறவர் இதை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும்: முந்தைய ஓனர் ஏற்றிய பாரமெல்லாம் அந்த வண்டியின் பட்டையிலும் சேஸிலும் பதிந்திருக்கும்.

குட்டி யானை என்று ஊர் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ் 2005 மே மாதம் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, விலை இரண்டேகால் லட்சம் அளவில். அதை வடிவமைத்த கிரிஷ் வாக் தலைமையிலான குழு, மூன்று சக்கர வண்டிக்காரர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுத் திரிந்தபோது, நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் பெண் கிடைப்பது சுலபம் என்று ஒருவர் சொன்னாராம். இன்றும் புது வண்டி வாங்குவதில் அந்த மரியாதைக்குப் பங்கு உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது. தோஸ்த் 2011-ல் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 7 லட்சம் என்றால் 70,000 ரூபாய் மிச்சம். இந்தக் குறைப்பைச் சொல்லிப் பழைய வண்டிக்காரரிடமும் விலையை இறக்கிக் கேட்கலாம். அவர் தன் வண்டிக்குப் பழைய ஷோரூம் விலையை வைத்துத்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பது ஒரு காலத்தில் கேள்விப்படாத விஷயம். சென்னையில் டி.எஸ்.சந்தானம் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கி லாரி, பஸ் வாங்கக் கடன் கொடுத்தார். பழைய லாரியை வாங்கி ஓட்ட நினைத்த டிரைவரை வங்கிகள் வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தன. அவரை நம்பலாம் என்று கணக்குப் போட்டவர் ஆர்.தியாகராஜன். கணிதம் படித்து, காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். 1979-ல் அவர் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே நாடு முழுக்கப் பரந்தது. அடுத்தவர் லாரியை ஓட்டியவர் தன் பெயரில் ஆர்.சி. புத்தகம் வாங்கியதற்குப் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது. பழைய வண்டி வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வண்டிக்குக் கீழே குனியலாம். டெல்டாவில் பழைய வண்டியின் பெரிய எதிரி உப்பு. நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தளத்தின் இடுக்குகள் வழியாக இறங்கி, சேஸின் குறுக்குச் சட்டத்தையும் பிரேக் குழாயையும் அரித்திருக்கும். வேதாரண்யத்தில் உப்பே ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலர் கவனிக்காதது உரக்கடை வண்டி. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சிந்திய உரத்தில் மழை பட்டால் அதுவும் உப்பைப் போலத்தான் இரும்பைத் தின்னும். மேலே டிங்கரிங் பார்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துப் பளபளப்பாக நிற்கும். ஒரு சின்னச் சுத்தியலால் சேஸைத் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற சத்தம் எங்கே மந்தமாகிறதோ அங்கே விஷயம் இருக்கிறது. நம்பர் பிளேட்டும் கொஞ்சம் சொல்லும். டி.என்.51 என்றால் நாகப்பட்டினத்தில் பதிந்த வண்டி. என்ன லோடு அடித்தீர்கள் என்று கேட்காமல் விலை பேசக்கூடாது.

அடுத்தது வெள்ளம். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. அப்படிப்பட்டவை ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வெளி மாவட்டங்களில் விலைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் வண்டல் படிந்த கோடு தெரியும். டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் விட்டுவிட்டு வருவதே நல்லது.

வயதுக்கு எட்டு என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். எட்டு வருடம் வரை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை; அதன்பின் வருடா வருடம். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் எஃப்.சி. கட்டணம் பல மடங்கு கூடிவிட்டது. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியமோ வண்டி கிழடானாலும் குறையாது. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு 2022-ல் 16,049 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், புதுசுக்கும் பழசுக்கும் ஒன்றேதான்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுகிற பழக்கம் விற்கிறவருக்கும் ஆபத்து. 2007-ல் விற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு கார் பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. அந்த வழக்கில், பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே இழப்பீடு தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியதோடு நிற்காமல், ஃபைனான்ஸ் பெயரை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம் கொடுக்க வேண்டும்.

புது வண்டியிலும் கிராமத்துக்குப் பொருந்தாத ஒன்று உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வரும் பி.எஸ்-6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக வண்டி நல்ல வேகத்தில், சூடாக, நீண்ட தூரம் ஓட வேண்டும். களத்திலிருந்து கொள்முதல் நிலையம், அங்கிருந்து களம் என்று இரண்டு கிலோமீட்டரில் முடங்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், கம்பெனி சர்வீஸுக்குத்தான் ஓட வேண்டும். 2017-க்கும் 2020-க்கும் நடுவில் வந்த பி.எஸ்-4 வண்டியை ஒரத்தநாட்டு மெக்கானிக்கே பிரித்துக் கட்டிவிடுவார். ஆனால் அந்த வண்டிகளும் எட்டு வயதை நெருங்கிவிட்டன, சில தாண்டியும் விட்டன. நல்லதாகக் கிடைப்பது வருடத்துக்கு வருடம் குறையும்.

புதுசோ பழசோ, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேட்க வேண்டும். டிராக்டர் கடனில் அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணை கட்டும் வசதி பல இடங்களில் உண்டு. அதே வயலின் நெல்லை ஏற்றும் லோடு வண்டிக்கு மட்டும் மாதா மாதம் டியூ. டெல்டாவின் கூட்டுறவு வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் புரட்டாசியிலும் மாசியிலும் பெருந்தொகையாகவும், பங்குனி முதல் வைகாசி வரை சிறு தொகையாகவும் கட்டும் ஒரு தவணை முறையைக் கொண்டுவருவதில் கடினம் எதுவும் இல்லை. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் மேனேஜரிடம் இதைக் கேட்கட்டும். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கட்டும்.