யாருடைய வேலை முதலில் போகும்?

“என் வேலையைவிட என் அம்மாவின் வேலைதான் பத்திரம், சார்!”

இப்படிச் சொன்னவர் ஒரு கம்ப்யூட்டர்காரர். பொறியியல் பட்டதாரி. வயது முப்பதுக்குள். பனியன் கம்பெனிகளுக்கு வேண்டிய கணக்கு சாஃப்ட்வேர்களை எழுதித் தருவது அவர் தொழில்.

அவருடைய தாயார் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

இது என்ன விந்தை! படித்த மகனுக்குப் பயம். அதிகம் படிக்காத தாயாருக்குப் பயம் இல்லையாம்!

திருப்பூரில், அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு டீக்கடையில் அவரைச் சந்தித்தேன். மாலை ஐந்தரை மணி. கம்பெனிகளில் டீ நேரம். பெஞ்சில் இடம் இல்லை. நின்றுகொண்டே பேசினோம். அமெரிக்க வரியில் ஆரம்பித்தார். நொய்யல் ஆற்றுக்குப் போனார். திரும்பத் திரும்ப அம்மாவிடம் வந்து நின்றார். அவர் சொன்னவற்றில் சிலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டிய விஷயங்கள் அவை.

துணி அடங்காது!

ஒரு பனியன் எப்படி உருவாகிறது? நூல் முதலில் நிட்டிங் மெஷினுக்குப் போகிறது. மெஷின் சுற்றச் சுற்றத் துணி குழாய்போல் இறங்கும். ஒரே ஆள் பல மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். பிறகு சாயம். அங்கேயும் சூடு, தண்ணீர், நேரம் எல்லாவற்றையும் யந்திரமே கவனிக்கிறது. பெரிய கம்பெனிகளில் துணி வெட்டுவதும் கம்ப்யூட்டர் சொன்னபடி நடக்கிறது.

அடுத்தது தையல். இங்கேதான் யந்திரம் மண்டியிடுகிறது!

ஏன்?

இரும்புத் தகடு சொன்னபடி நிற்கும். அதை யந்திரக் கை எடுக்கும், வளைக்கும், திருகும். மோட்டார்க் கார் தொழிற்சாலைகளில் மனிதன் இல்லாமலே பற்றவைப்பு நடக்கிறது. துணி அப்படியா? தூக்கினால் தொங்கும். இழுத்தால் நீளும். அதிலும் பனியன் துணி பெரிய குறும்புக்காரத் துணி. சிங்கிள் ஜெர்சி என்று சொல்லுகிறார்களே, அதை வெட்டி மேஜைமேல் வையுங்கள். ஓரம் தானாகவே சுருண்டுகொள்ளும்.

அந்தச் சுருட்டலை விரல் நுனியால் நீவி, இரண்டு துண்டுகளைச் சேர்த்து, ஊசிக்குள் தள்ள வேண்டும். கழுத்துப் பட்டியை எவ்வளவு இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும் என்பது டைலரின் விரலுக்குத் தெரியும். கொஞ்சம் கூடினால் சுருக்கம் விழும். குறைந்தால் கழுத்து தொளதொளக்கும்.

“அந்த விரல் அறிவை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை!” என்று சிரித்தார் அவர்.

அமெரிக்காவில் இதற்காகவே கம்பெனிகள் தோன்றின. அட்லாண்டா நகரத்தில் உள்ள ஒரு நிறுவனம் பனியன் தைக்கும் யந்திர மனிதனைச் செய்தது. 2017-ம் வருஷத்தில், அதை வைத்து அமெரிக்க மண்ணிலேயே பனியன் தைக்கப் போவதாக ஒரு சீன நிறுவனம் அறிவித்தது. பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. ஆனால் இன்றும் உலகத்தின் பனியன்களைத் தைப்பவை மனிதக் கைகளே. அவற்றில் பெரும் பகுதி பெண்களின் கைகள்.

ஹான்ஸ் மொராவெக் என்ற யந்திர மனித ஆராய்ச்சியாளர் 1988-லேயே இந்த முரண்பாட்டை எடுத்துச் சொன்னார். பெரியவர்களைத் திணற வைக்கும் கணக்கையும் சதுரங்கத்தையும் யந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம். ஒரு வயதுக் குழந்தை செய்யும் காரியங்களைக் கற்றுக்கொடுப்பது கஷ்டம்!

மகனுக்கு வந்த கலக்கம்

2022 நவம்பர் கடைசியில் ‘சாட் ஜிபிடி’ வெளிவந்தது. கேள்வி கேட்டால் பதில் எழுதும். கடிதம் எழுதும். கம்ப்யூட்டருக்குரிய நிரலையும் எழுதும்!

நிரல் என்பது என்ன? கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதும் கட்டளை வரிசை. அதை எழுதத்தான் நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் பொறியியல் கல்லூரிக்குப் போனார்கள். அப்பா நிலத்தை விற்றார். அம்மா நகையை அடகு வைத்தார். இன்று அந்தக் கட்டளைகளில் ஒரு பகுதியை யந்திரமே எழுதுகிறது.

“முன்பு நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை இப்போது அரை மணியில் அது எழுதித் தருகிறது. தப்பும் செய்கிறது. தப்பைக் கண்டுபிடிக்க நான் வேண்டும். ஆனால் பத்துப் பேர் வேண்டியதில்லையே!” என்றார்.

2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. செயற்கை அறிவு இதற்குக் காரணம் அல்ல என்று நிறுவனம் சொன்னது. அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று எத்தனை வீடுகளில் சோறு இறங்கவில்லை என்பதை அவர் சொல்லக் கேட்டேன்.

கம்ப்யூட்டருக்குத் தாய் வீடே தறிதான். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளால் இயங்கும் பட்டுத் தறியை உருவாக்கினார். ஓட்டை இருந்தால் ஒரு நூல் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. பூ வேலை தானாக விழும். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தம் கணக்கு யந்திரத்துக்கு யோசனை எடுத்தார். நெசவாளி வீட்டிலிருந்து புறப்பட்ட சரக்கு, ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திருப்பூருக்குத் திரும்பி வந்திருக்கிறது!

அதே பிரான்சில் திமோனியர் என்ற தையல்காரர் தையல் யந்திரம் செய்தார். 1831-ல் பாரிஸ் தையல்காரர்கள் திரண்டு வந்து அவருடைய யந்திரங்களை உடைத்தார்கள். பிழைப்புப் போய்விடும் என்ற பயம். பிழைப்புப் போனதா? திருப்பூரைப் பார்த்தால் தெரியும். ஆனால் உடைத்தவர்களை மூடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் காலத்தில் அவர்கள் வயிறு காய்ந்தது உண்மை. பின்னால் பிறந்தவர்களுக்கு வேலை கிடைத்தது வேறு கணக்கு.

ஒரு கையெழுத்து செய்த வேலை

“யந்திரத்துக்கு அம்மா பயப்படவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் பயந்தார்” என்றார் இளைஞர்.

அந்த ஆகஸ்டு 7-ந் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி, 27-ந் தேதி முதல் மேலும் 25 சதவீதம். ஆக 50.

இதன் அர்த்தம் என்ன? வீட்டுக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு பருத்தி பனியன் 5 டாலருக்கு அமெரிக்கா போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரி பதினாறரை சதவீதம். அதாவது ஏறக்குறைய 82 சென்ட். புதிய வரி இரண்டரை டாலர். இரண்டும் சேர்ந்து 3 டாலர் 32 சென்ட்! ஐந்து டாலர் சரக்கு துறைமுகம் தாண்டுவதற்குள் எட்டே கால் டாலருக்கு மேல் ஆகிவிட்டது. வங்காள தேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது போட்ட புதிய வரி 20 சதவீதம்தான்.

வரியைச் செலுத்துபவர் அமெரிக்க வியாபாரி. ஆனால் அவர் சும்மா இருப்பாரா? “விலையைக் குறை, இல்லாவிட்டால் சரக்கை நிறுத்து” என்று இங்கே செய்தி அனுப்பினார். திருப்பூர் ஏற்றுமதி 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஊர் எப்படிக் கலங்கியிருக்கும்!

மத்திய சர்க்கார் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 டிசம்பர் கடைசி வரையில் நிறுத்திவைத்தது. பிறகு 2026 பிப்ரவரியில், அமெரிக்க வரியை 18 சதவீதமாகக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. ஊர் மூச்சு விட்டது. ஆனால் இடையில் போன மாதங்களின் சம்பளத்தை யார் தருவார்?

இளைஞர் வீட்டில் நடந்தது இது: தாயாருக்கு வழக்கமாக ஒன்றரை ஷிப்ட் வேலை. அந்த அரை ஷிப்ட் நின்றது. தம்பியின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு அந்த அரை ஷிப்ட் பணத்தைத்தான் நம்பியிருந்தார்கள். மகன் கொடுத்துச் சமாளித்தார். “தம்பி, இந்தக் கையும் காலும் நல்லா இருந்தும் சும்மா உக்காந்தது அப்பத்தானுங்க” என்று தாயார் பின்னர் என்னிடம் சொன்னார்.

பனியனுக்கும் பாஸ்போர்ட்!

ஐரோப்பாவில் இன்னொரு மாறுதல் வருகிறது. 2024 ஜூலை 18-ல் அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி சாமான்களுக்கு ‘டிஜிட்டல் பாஸ்போர்ட்’ ஏற்படும். சட்டையில் உள்ள கட்டம் போட்ட குறியைப் போனில் காட்டினால், அந்தச் சரக்கின் ஜாதகமே தெரியும். 2025 ஏப்ரலில் போட்ட வேலைத் திட்டத்தில் ஆடைகளை முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஜாதகத்தை எழுதும் வேலை தமக்குக் கிடைக்கும் என்று இளைஞர் நம்புகிறார். திருப்பூருக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. அது கசந்து பெற்ற அனுகூலம்.

சாயத் தண்ணீர் நொய்யலைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே ஈரோடு, கரூர் வட்டாரத்து விவசாயிகளின் நிலத்தைப் பாழாக்கியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு உத்தரவால் எழுநூறுக்கு மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. தண்ணீரைச் சுத்தம் செய்து, உப்பைத் தனியே பிரித்து, ஒரு சொட்டும் ஆற்றில் விடாத முறைக்கு மாறிய பிறகே திறக்க முடிந்தது. செலவு அதிகம். ஆனால் இன்று வெளிநாட்டாரிடம் அதைச் சொல்லித்தான் ஊர் வியாபாரம் கேட்கிறது.

நிமிஷக் கணக்கு

நான் இளைஞரோடு உடன்படாத இடம் ஒன்று உண்டு.

அவர் எழுதிய சாஃப்ட்வேர் என்ன செய்கிறது? ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு சிறு கம்ப்யூட்டர்ப் பலகை. டைலர் தைத்த கட்டின் சீட்டை அதில் காட்ட வேண்டும். எத்தனை உருப்படி, எத்தனை நிமிஷம் என்று உடனே ஏறும். முதலாளி தம் போனில் பார்க்கலாம்.

ஒரு பனியனுக்கு எட்டு நிமிஷத் தையல் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது பேர் கொண்ட வரிசை 480 நிமிஷத்தில் 3,000 உருப்படி தைக்க வேண்டும். 1,800-தான் வந்தால் மீதி எங்கே போயிற்று? நூல் அறுந்ததா? வெட்டின துணி தாமதமா? இதைக் கண்டுபிடிப்பது நல்லதே. வியட்நாமுடன் போட்டி போட வேண்டுமே!

ஆனால் அதே பலகை, டைலர் தண்ணீர் குடிக்க எழுந்த நிமிஷத்தையும் எழுதுகிறது. “டார்கெட்” குறைந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்கிறார். யந்திரம் அம்மாவின் வேலையைப் பிடுங்கவில்லை, சரி. ஆனால் அம்மாவின் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது! இதை இளைஞரிடம் சொன்னேன். “கணக்கு பொய் சொல்லாது சார்” என்றார். பொய் சொல்லாதுதான். ஆனால் யார் கையில் இருக்கிறது அந்தக் கணக்கு?

அன்று இரவு அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒன்பது மணிக்குத் தாயார் வந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி. மகனுடைய பலகையைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துப் பேசினார்.

“ஏங் கண்ணு, அதுல நான் தச்சது எத்தனைன்னு மொதலாளிக்குக் காட்டுதல்ல? இன்னைக்கு எனக்கு எத்தனை ரூபா ஆச்சுன்னு எனக்கும் காட்டுமா? பக்கத்து மெஷின் ஒடியாக்காரப் புள்ளைக்கும் அவ பாசையில காட்டுமா?”

“காட்டலாம் அம்மா. ஒரு நாள் வேலைதான்.”

“அப்புறம் ஏன் காட்டல?”

“அவர்கள் கேட்கவில்லை அம்மா.”

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு எங்களுக்குச் சோறு போட உட்கார்ந்தார்.