ஓடுகிறவரை ஓடட்டும் என்று விடலாமா?

காலையில் எழுந்ததும் காஸ் அடுப்பைப் பற்றவைத்து, டிகாஷனுக்குத் தண்ணீர் வைக்கிறீர்கள். அந்த நீலச் சுடர் உங்கள் வீட்டுக்கு வந்து சேர, எங்கோ ஓர் ஆலையில் ஒருவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஷிஃப்ட் பார்த்திருக்கிறார். அவரைப் பற்றி என்றைக்காவது நினைத்ததுண்டா?

'சித்த வைத்தியருக்கு எரிவாயு ஆலையில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலை பார்ப்பவர்கள் என்னிடமும் வருகிறார்களே! நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, மூட்டுவலி என்று வருவார்கள். பேச்சுவாக்கில், "பழைய பிளான்ட்டுங்க, முப்பது வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை" என்பார்கள். எனக்குப் பயமே அந்த 'ஒண்ணும் ஆகலை'யில்தான். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவரும் இதையேதான் சொல்கிறார்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாங்ஃபோர்டு என்று ஓர் ஊர். கடலுக்கு அடியிலிருந்து எடுத்த வாயுவைச் சுத்தம் செய்து மெல்போர்னுக்கு அனுப்பும் ஆலையை 1969-ல் அங்கே தொடங்கினார்கள். நடத்தியது எஸ்ஸோ நிறுவனம். 1998 செப்டம்பர் 25-ம் தேதி காலை, மூன்று பிளான்ட்டுகளில் மூத்ததில் சூடான எண்ணெயைச் சுற்ற விடும் பம்புகள் நின்றுபோயின. சுமார் 100 டிகிரி சூட்டில் இருக்கவேண்டிய ஒரு பெரிய இரும்புக் கலம், மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்து, வெளிப்புறம் பனி படர்ந்துவிட்டது. அந்தக் குளிரில் இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். (உலோகத்தைப் புடம் போட்டு மருந்து செய்கிற எங்களுக்கு, சூடும் குளிரும் உலோகத்தின் குணத்தையே மாற்றும் என்பது புதிதல்ல!) ஆனால் அங்கே நின்ற தொழிலாளிகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சூடான எண்ணெயைத் திரும்பவும் விட்டார்கள். கலம் பிளந்து, வாயு வெளியேறித் தீப்பிடித்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள், எட்டுப் பேருக்குக் காயம். இரண்டு வாரத்துக்கு மேல் அந்த மாநிலத்து வீடுகளில் அடுப்பில்லை, வெந்நீர் இல்லை.

எஸ்ஸோ என்ன சொன்னது தெரியுமா? 'நாங்கள் பயிற்சி கொடுத்தோம், தப்பு ஆப்பரேட்டருடையது' என்றது. விசாரித்த ராயல் கமிஷன் 1999-ல் அதை ஏற்கவில்லை. புதிய இரண்டு பிளான்ட்டுகளுக்கு முறையான ஆபத்து ஆய்வு நடந்திருக்கிறது. மூத்த பிளான்ட்டுக்கு மட்டும் திட்டமிட்டதோடு சரி, நடக்கவே இல்லை! ஆலையிலேயே இருந்த இன்ஜினீயர்களை 1992-ல் மெல்போர்னுக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் நூற்றுக்கணக்கில் அலாரம் அடித்ததால், அடித்தாலும் காதில் ஏறாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. 2001-ல் எஸ்ஸோவுக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

இயந்திரத்துக்கு வயதாவது குற்றமில்லை. அறுபது வயதுக்காரரைத்தான் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். 'அவர் கல்லு மாதிரி இருக்கார்' என்று விடுவது வைத்தியமா? நம் நாட்டிலும் பார்த்தோம். 2014 ஜூன் 27-ம் தேதி விடிகாலை, ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில், அரித்துப்போன எரிவாயுக் குழாயிலிருந்து கசிந்த வாயு தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அவர்கள் ஆலைக்கு வேலைக்குப் போனவர்கள்கூட இல்லை, பலர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

மருத்துவனாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சில கிணறுகளின் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்திருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் சில நிமிஷத்திலேயே மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாது. 'வாசனை போயிடுச்சு, பயமில்லை' என்று உள்ளே போகிறவர் அப்படியே சாய்வார். அவரைத் தூக்க ஓடுகிறவரும் சாய்வார். சுவாசக் கருவி மாட்டாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. வெளியே கொண்டுவந்த பிறகு கஷாயம், சுக்குத் தண்ணி என்று எதையும் மயங்கினவர் வாயில் ஊற்றாதீர்கள். இந்த இடத்தில் என் வைத்தியத்துக்கு வேலையில்லை. ஆக்ஸிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்து நெருங்குகிறது என்று தெரிந்தால் நிர்வாகத்திடம் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுதிவைத்தார்கள். ஏட்டில் எழுதியாயிற்று, சரி. வாயைத் திறந்தவரை 'பிரச்னை பண்றவன்' என்று வேறு ஷிஃப்டுக்குத் தூக்கியடித்தால், அடுத்தவர் திறப்பாரா? புகார் எழுதிக் கொடுத்தவருக்குப் பரிசு தரவேண்டும் என்பேன் நான்.

உங்கள் வீட்டுக்காரரோ பிள்ளையோ இப்படிப்பட்ட ஆலையில் வேலை பார்த்தால், சாப்பாடு போடும்போது சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். "எந்த வால்வு கசியுது? எழுதிக் கொடுத்தீங்களா? போன வாரம் சொன்னதைச் சரி பண்ணிட்டாங்களா?" என்று கேளுங்கள். வீட்டில் அக்கறையாகக் கேட்க ஆளிருந்தால், அங்கே போய்க் கேட்கத் தைரியம் வரும்.

அப்படியே, உங்கள் அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபில் அச்சிட்டிருக்கும் வருஷத்தையும் பார்த்துவிடுங்கள். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால், இந்த வாரமே மாற்றுங்கள்.