எம்.எஸ்சி. நர்சிங்: வேலையை விடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

தென்னேரியில் அப்பா தறி நெய்து உங்களை பி.எஸ்சி. நர்சிங் படிக்க வெச்சிருக்கார். இப்போ காஞ்சிபுரத்தில் தனியார் ஆஸ்பத்திரி வேலை. அதை விட்டுட்டு 2 வருஷம் எம்.எஸ்சி. மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் படிக்கலாமா?

ஒரு உதாரணம். சம்பளம் மாசம் 22,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 24 மாசத்தில் நீங்க இழக்கிறது 5,28,000. ஃபீஸ் 3 லட்சம் சேர்த்தா 8,28,000. படிச்ச பிறகு மாசம் 6,000 கூடக் கிடைச்சாலும், போட்ட பணத்தை எடுக்க 138 மாசம், அதாவது பதினொன்றரை வருஷம் ஆகும். கடன் வட்டி தனி.

'கல்விக் கடனுக்கு வரிச் சலுகை உண்டே'ன்னு சொல்வாங்க. அந்தச் சலுகை வட்டிக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில்தான். இந்தச் சம்பளத்துக்கு வரியே வராது. அப்புறம் எதை மிச்சம் பண்றது?

வார்டில் வேலை பார்க்க எம்.எஸ்சி. கட்டாயமில்லை. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி.யோடவே எழுதலாம். 7-வது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 44,900. வெளி மாநிலம் போக வேண்டி வரலாம், அதுக்கு வீட்டில் பேசி வையுங்க.

ஆனா நர்சிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகணும்னா எம்.எஸ்சி. வேணும். அந்த ஆசை உறுதியா இருந்தா தைரியமா படிங்க. சம்பளம் கூடும்னு மட்டும் நினைச்சா, முதல்ல நார்செட் எழுதுங்க. கடனுக்குக் கையெழுத்து அப்புறம் போடலாம்.